சேறு படாத வண்டி

போன மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரிச் சோறு ஆறிப்போனதற்கு இரண்டு கார்கள் காரணம். இரண்டும் அப்போது கடையில்தான் இருந்தன. என் மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆளுக்கொரு போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு சண்டையை ஆரம்பிப்பார்கள்.

மகன் ஆசைப்பட்டது பெட்டி மாதிரி இருக்கிற ஒரு சின்ன ஜீப்புக்கு. அதன் பின்கதவில் ஒரு டயர் தொங்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் அதைப் பாறை மேல் ஏற்றுவான், ஆற்றில் இறக்குவான். சோறு பிசைந்த கை காய்ந்துபோகும்வரை இவன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். மருமகளுக்கு வேண்டியது பெரிய கார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், ஓடும்போதே தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஹைப்ரிட் என்றாள். கத்தரி விதையிலும் தக்காளி விதையிலும்தான் நான் அந்தப் பேரைக் கேட்டிருக்கிறேன்.

"மலை ஏறும்டி அது."

"எந்த மலைங்க ஏறப்போறீங்க? நம்ம மலைக்கு பஸ்ஸே ஏறி எறங்கிகினு கீது."

அவள் அத்தனை நாளில் பேசிய ஒரே நியாயம் அது. மகன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். எந்தக் கார் வந்தாலும் வாரத்தில் ஆறு நாள் வாசலில்தான் நிற்கப்போகிறது. அதற்கு இத்தனை பேச்சு.

மருமகள் என் முழங்காலைச் சாட்சிக்கு இழுப்பாள். "அத்தை எப்டிங்க அந்த ஒயரத்துல ஏறுவாங்க? அவுங்களுக்காகத்தான் நான் சொல்றேன்." வருஷக்கணக்காக வலிக்கிற முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வராதவள். அவளுக்கு வேண்டியது அந்தக் காரின் கூரையில் இருக்கிற கண்ணாடி. அதைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு போகலாமாம். மூடி வைப்பதற்குத்தானே கூரை?

பெற்ற பிள்ளை முன்னால்கூட எனக்குப் பேச்சு சட்டென்று வராது. ஆனால் எனக்குள்ளும் ஒரு ஆசை இருந்தது. எனக்கு அந்தச் சின்ன ஜீப்தான் வேண்டும்.

என் தங்கை கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, ஏரிக்கரை முடிகிற இடத்தில் இருக்கிறாள். முந்தின வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடினால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடப்பதற்கு மேல் அவளால் ஆகாது. பைக்கில் உட்காரவும் முடியாது. கரை மேல் ஆட்டோ வராது என்று யாரோ ஒருவன் என்றைக்கோ சொன்னான், அதை நாங்கள் இரண்டு பேரும் சட்டமாக வைத்துக்கொண்டோம். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "எக்கா, கடனோட செத்துப் பூடுவேன் போல," என்பாள். கரையில் சேறு. சேற்றில் போகிற வண்டி வந்தால் அவள் வாசலுக்கே போகலாம்.

ஒரு நாள் சண்டை முற்றி, "அம்மாவையே கேட்டுடலாம்," என்றான் மகன். உங்க இஷ்டம் என்று சொல்வேன் என்பது இருவரின் எண்ணமும்.

"சின்னதே வாங்கு நைனா," என்றேன். "சித்திய மலைக்கு இட்டுகினு போலாம்."

"ஆங்! அதுக்குத்தானேமா வாங்குறதே!" என்று தொடையைத் தட்டினான். மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நாலு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி வந்தது. அடிவாரத்தில் நிறுத்திச் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சாறு தெறித்த இடத்தை மகன் உடனே குனிந்து துணியால் துடைத்தான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவனும் கிளம்பினோம். வண்டி உயரம், தங்கையால் ஏற முடியாது. அதனால் சமையலறையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அவன் என்னென்னவோ கியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். தார் ரோடு முடிந்து ஏரிக்கரை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"இங்கயே எறங்கிக்கிறியாமா?"

"ஏன் நைனா?"

"ரெண்டு பக்கமும் முள்ளு பாரு. கீறிச்சுன்னா பெயிண்டு போச்சு."

"சேத்துல போவும்னுதானே வாங்கன?"

"போவும்மா. போவாதுன்னா சொன்னேன்? மொதல் சர்வீஸ் முடியட்டும். நீ போய் சித்திய கைத்தாங்கலா இட்டுகினு வந்துடு, நான் இங்கயே கீறேன்."

இடுப்பு உடைந்தவளை அரை மைல் கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டுமாம். பாறையில் ஏறுகிற வண்டிக்கு வேலிமுள்ளைப் பார்த்துப் பயம். ஸ்டூலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

பாதிக் கரை போயிருப்பேன், பின்னால் ஆரன் அடித்தது. திரும்பினால் ஆட்டோ. ஓட்டி வந்தவர் கண்டிகை ஸ்டாண்டில் நான் பார்த்திருக்கிற பாய். பின்சீட்டில் இரண்டு தவிட்டு மூட்டை.

"ஸ்டூல தூக்கிகினு எங்கமா போற? சேத்துல உக்காந்து உக்காந்து போவியா?"

"தங்கச்சி வூட்டுக்கு. இங்கெல்லாம் ஆட்டோ வருமா?"

"வந்துகினு கீறனே, தெரில? இந்த வருசம் பூரா தவுடு போட்டுகினுதான் கீறேன். ஏறு." நான் மூட்டையோடு ஒண்டிக்கொண்டதும், "ரோட்டாண்ட ஒரு புது ஜீப்பு நிக்குதும்மா," என்றார். "பிரேக்டவுன் போல. ஒதவி வேணுமா சார்னு கேட்டேன், பாவம், வாணாம்னு கைய ஆட்டிட்டாரு."

நான் ஸ்டூலை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தேன்.

தங்கை விடிந்ததிலிருந்து தலைக்குக் குளித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவைப் பார்த்ததும், "அம்மாம் பெரிய மலையேறுற வண்டின்னியேக்கா, மூணு சக்கரத்துல வந்துகீற?" என்றாள்.

"அது ரிப்பேரு," என்றேன்.

பாய் பக்கத்து வீட்டில் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். மலைக்கு வருவீங்களா என்று கேட்டேன். "கூப்ட்டா வரப்போறேன், இதுல என்னா கீது?" என்றார். ஒரு வருஷமாக நாங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான். நானும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் தங்கையைத் தூக்கிச் சீட்டில் நகர்த்தினோம். ஆட்டோ தாழ்வாக இருந்ததால் ஏற ஸ்டூல் தேவைப்படவில்லை. இருந்தாலும் அதை விட்டுவிட மனமில்லாமல் காலடியில் வைத்துக்கொண்டேன். கரை நெடுக முள் ஆட்டோவின் மேல்துணியைக் கீறிக்கொண்டே வந்தது. பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தார் ரோட்டில் ஏறும்போது ஜீப் அங்கேயேதான் நின்றது. மகன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். ஓரத்துக் கால்வாயிலிருந்து சேற்றை அள்ளி அள்ளி முன்சக்கரத்தில் அப்பிக்கொண்டிருந்தான். கொஞ்சம் கதவுக்குக் கீழேயும் தெளித்தான். பிறகு விரலைத் துடைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து போனில் படம் பிடித்தான்.

"யாரும்மா இந்த ஆளு, வண்டிக்கு சேறு பூசிகினு கீறான்?" என்றார் பாய்.

"கடையில பூசாம குட்த்துட்டாங்க போல," என்றாள் தங்கை. அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எக்கா, அது நம்ம…" என்று இழுத்தாள்.

"நீ நேரா பாரு," என்றேன்.

"நிறுத்தட்டாமா?" என்றார் பாய்.

"வாணாங்க. போங்க."

மலை மேல் முடி எடுக்கிற இடத்தில் எல்லோரும் தரையில்தான் உட்கார வேண்டும். தங்கைக்கு இடுப்பு மடங்காது. கத்தி வைத்திருந்தவர் என்ன செய்வது என்று நின்றார். நான் ஸ்டூலைப் போட்டேன். அவள் அதில் உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டாள். முடிக்கு வரிசையில் காத்திருந்தபோதே பையில் போன் அடித்திருந்தது, மகன்தான். மலையில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

முடி முழுவதும் இறங்குவதற்குள் மகன் வந்துவிட்டான். எங்கேயோ நிறுத்தி வண்டியையும் கையையும் கழுவியிருக்கிறான், சட்டைக் கை நனைந்திருந்தது. "சொல்லாம கொள்ளாம இப்டியாமா வருவ? எம்மாந்நேரம் நின்னுகினு கீறது?" என்று கிட்டே வந்தான்.

தங்கையின் நரைமுடி ஸ்டூலைச் சுற்றி ஈரமாகக் கிடந்தது.

"தள்ளி நில்லு நைனா," என்றேன். "மேல அழுக்கு பட்டுடப் போவுது."