பதிமூன்று அங்குலம்

வெர்லின் டீக் தன் அறுபத்தெட்டு வயதுவரை ஒரு தடவைகூட ‘தப்பு என்மேல்தான்’ என்று சொன்னதில்லை. சொல்லும்படியான சந்தர்ப்பம் வரவில்லை என்பது அவர் கட்சி. வந்தபோதெல்லாம் காது கேட்காதவர்போல இருந்துவிட்டார் என்பது அவர் மனைவி நெல்டாவின் கட்சி. நான் முப்பது வருடமாக அடுத்த வீட்டுக்காரன். இரண்டு கட்சிக்கும் தலையாட்டி, நெல்டா செய்யும் பீன்ஸையும் சோளரொட்டியையும் சாப்பிட்டுக் காலம் தள்ளியிருக்கிறேன்.

வெர்லினுக்கு வெல்டிங் வேலை. ஓக்லஹோமாவின் எங்கள் மூலையில் மாடு ஏற்றும் டிரெய்லர் எதைப் பார்த்தாலும் அதில் எங்கேயாவது அவர் கை பட்டிருக்கும். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பற்றவைத்த இடத்தை அப்படித் தேய்த்துவிடுவார். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். விரலுக்கு எதுவும் தட்டுப்பட்டால் மறுபடி தேய்ப்பார். மாட்டுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டேன். மாடு கேட்கட்டும், சொல்கிறேன் என்றார்.

நெல்டாவின் தம்பி ராய்ஸ் தச்சு வேலைக்காரர். அளவு டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி நாளாக நாளாக ஆட்டம் கண்டுவிடும், அதை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் நுனியை விட்டுவிட்டு, ஒன்று என்ற கோட்டிலிருந்து அளக்க ஆரம்பிப்பார். மறுமுனையில் ஓர் அங்குலம் கூட்டிக் குறிக்க வேண்டும். எங்கள் ஊர்த் தச்சர்களில் பாதிப் பேர் இப்படித்தான். வெல்டர்கள் நுனியிலிருந்தே அளப்பார்கள். இரண்டு கூட்டமும் தனித்தனியாக வேலை செய்யும்வரை யாருக்கும் ஆபத்தில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் வெர்லின் வீட்டுக் கொல்லைப்படிக்காக இருவரும் சேர்ந்து அளந்தார்கள். ராய்ஸ் ஒன்றிலிருந்து பிடித்தார். வெர்லின் நுனியிலிருந்து என்று நினைத்துக் குறித்தார். கடைசிப் படி ஓர் அங்குலம் பிசகிவிட்டது. நெல்டா அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தப்பு யாருடையது என்று இருவரும் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு சர்ச் சாப்பாட்டில், நாற்பது பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கையில், “நம்ம ராய்சுக்குப் பூஜ்யம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது” என்றார் வெர்லின். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ராய்ஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அறுநூறு பேர் உள்ள ஊரில் ஏழு வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தீவனக் கடையில் ஒருவர் நாய்த்தீனி பக்கம் நின்றால் இன்னொருவர் மாடு நக்கும் உப்புக்கட்டிகளுக்குப் பின்னால் நிற்பார். படியை வெர்லின் சரிசெய்யவும் இல்லை. சரிசெய்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடைசிப் படியில் காலைக் கொஞ்சம் தூக்கிவைக்கப் பழகிக்கொண்டோம்.

இந்த வசந்தத்தில் ராய்சுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. டல்சா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று. நெல்டா என்னிடம் வேலியோரம் நின்று சொன்னாள். “இப்படியே போனான்னா, அடுத்து இவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிறது யாராவது ஒருத்தர் சவப்பெட்டிக்குள்ள இருக்கும்போதுதான். பேசவே வேணாம், ஒரே கூரைக்குக் கீழ ஒரு நாள் நின்னாப் போதும்.”

அவளுக்கு வழி காட்டியது அவளுடைய அப்பாவின் பழைய பிக்கப் வண்டி. அறுபத்தொன்பதாம் வருடத்து ஷெவர்லே. பின்தொட்டி நீளமான ரகம். வெர்லினின் கொட்டகையில்தான் நின்றது. அப்பாவின் வண்டி தம்பியோடு போகட்டும் என்றாள். ஆனால் ராய்ஸின் மகள் இருக்கும் குடியிருப்பில் வண்டி வெளியே நிற்கக்கூடாது, வீட்டோடு இருக்கும் வண்டிக்கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்பது சட்டம். மகள் அளந்து சொன்னாள். வண்டி ஆறு அங்குலம் நீளம் கூடி இடித்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்லின் மென்றுகொண்டே சொன்னார்.

“சின்னதாக்கிடலாம்.”

“எதை?” என்றாள் நெல்டா.

“வண்டியை. சேசிஸை வெட்டி ஒட்டிட்டா இருபது அங்குலம் கொறையும். குட்டைத் தொட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட இருக்கு.”

“தனியா முடியாதே.”

“முடியும்.”

“முடியாதுன்னு சொல்றேன், வெர்லின்.”

வெர்லின் அவளைப் பார்த்தார். பிறகு முடியாது என்று ஒப்புக்கொண்டார். நெல்டா எழுந்துபோய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

வியாழக்கிழமை காலை ராய்ஸ் வந்தார். சனிக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். எனக்குத் தோளில் அறுவை செய்து வலதுகையைத் தூளியில் கட்டியிருந்தார்கள். அதனால் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

“காத்தடிக்குது” என்றார் ராய்ஸ்.

“அடிக்குது” என்றார் வெர்லின்.

எங்கள் ஊரில் காற்றடிக்காத நாள் கிடையாது. ஏழு வருடப் பாக்கி இதோடு தீர்ந்ததாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

தொட்டியைக் கழற்றியதும் அடிச்சட்டமான சேசிஸ் ஏணிபோல வெறுமையாகக் கிடந்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் எட்டு அங்குலம், முன்னால் பன்னிரண்டு வெட்ட வேண்டும். பின்னால் வெட்டுவது வாலை நறுக்குவதுதான், பத்து மணிக்குள் முடிந்தது. முன்னால் வெட்டுவதுதான் வேலை. இரண்டு பக்க நீளச் சட்டத்திலும் சரியாக ஒரே அளவு துண்டை எடுத்துவிட்டு, பின்பாதியை முன்னுக்குத் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடக்குறைய ஆனால் வண்டி ஆயுசுக்கும் நண்டுபோலக் கோணிக்கொண்டுதான் ஓடும்.

வலதுபக்கத்தை வெர்லின் தானே அளந்தார், குறித்தார், வெட்டினார். இடதுபக்கம் வந்ததும் ஒரு கோடு போட்டுவிட்டு நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ராய்ஸ், இந்த முனையக் கொஞ்சம் பிடி.”

பன்னிரண்டு அங்குலத்தை அளக்க இரண்டு ஆள் எதற்கு? பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிக்குச்சி போதும். காபி கொண்டுவந்த நெல்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். சர்ச்சில் நாற்பது பேர் முன்னால் சொன்னதற்கு இவர் கேட்கக்கூடிய மன்னிப்பு இவ்வளவுதான் என்று எனக்கும் அவளுக்கும் தெரிந்தது. ராய்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முட்டி கடகடக்கக் குனிந்து டேப்பைப் பிடித்தார். வெர்லின் மறுமுனையில் கோடு போட்டார். வெட்டினார். திரும்ப அளந்து பார்க்கவில்லை. எதையும் மூன்று தடவை அளக்கிற மனிதர் அவர். அளந்தால் ராய்ஸை நம்பவில்லை என்றாகிவிடும் என்று விட்டிருக்கிறார்.

பின்பாதியைத் தள்ளினார்கள். வலதுபக்கம் வந்து ஒட்டியது. இடதுபக்கம் ஓர் அங்குலம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தகரக் கூரை காற்றில் படபடத்தது. வெர்லின் தரையில் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து அளந்தார். பதிமூன்று.

ராய்ஸ் நிமிர்ந்து, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். நெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்க பிடிச்சே?” என்றார் வெர்லின்.

“நுனியில மச்சான்.”

“நீ எப்பவும் ஒண்ணுலதானே பிடிப்பே?”

“உங்களுக்குத்தான் அது பிடிக்காதே. இன்னிக்கு ஒருநாள் உங்க வழியிலயே பிடிப்போம்னு பிடிச்சேன்.” ராய்ஸ் தொப்பியைத் தலையில் வைத்தார். “நீங்க எங்க குறிச்சீங்க?”

வெர்லின் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதிமூணுல” என்றார். “நீ ஒண்ணுல பிடிச்சிருப்பேன்னு ஒண்ணு கூட்டிக்கிட்டேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“நீ சொல்லியிருக்கலாமே.”

ஏழு வருடமாக முறுக்கிக்கொண்டவர்கள், ஒரே காலையில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டுக்கொடுத்து நல்ல வண்டியைக் கெடுத்துவைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. சர்ச்சில் சிரித்தது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். தோள் வலித்ததுதான் மிச்சம்.

“கோடு போட்டது நான்” என்றார் வெர்லின். “தப்பு என்மேலதான்.”

நெல்டா காபியைக் கொட்டிவிட்டாள்.

ராய்ஸ் கேட்டார். “அந்தப் படி?”

“படியப் பத்திப் பேசாதே.”

“சரி மச்சான்” என்று ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

வெட்டியெடுத்த துண்டிலிருந்தே ஓர் அங்குலத்தை நறுக்கி, இடைவெளியில் வைத்து ஒட்டினார்கள். மேலே கனமான தகடு வைத்து அதையும் பற்றவைத்தார்கள். குறுக்கே மூலைக்கு மூலை அளந்தபோது ஒவ்வொரு தடவையும் “நுனி”, “நுனி” என்று இருவரும் மாறிமாறிச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். வலதுபக்கத்தை வெர்லின் வழக்கம்போலத் தேய்த்துத் தடவிப் பார்த்தார். இடதுபக்கம் சோளரொட்டி ஓரம்போல மேடும் பள்ளமுமாக இருந்தது. தேய்ப்பார் என்று பார்த்தேன். தேய்க்கும் மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

சனிக்கிழமை ராய்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோணாமல் நேராகப் போனது. வெர்லின் தெருமுனைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, கொட்டகையைப் பெருக்கினார்.

சாயங்காலம் போன் வந்தபோது நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நெல்டா கையை நீட்டினாள். வெர்லின் முந்திக்கொண்டு எடுத்தார். ராய்ஸின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கதவு சாத்திடுச்சு மச்சான்.”

“எவ்வளவு மிச்சம்?”

“பதினஞ்சு.”

வெர்லின் கொஞ்சம் யோசித்தார். “எங்கிருந்து அளந்தே?”

“ஒண்ணுல இருந்து” என்றார் ராய்ஸ்.

“அப்ப பதினாலு.”

“ஆமா, பதினாலுதான்.”

“சரியா இருக்கு” என்றார் வெர்லின். “அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடு.”