விசிறிக்கு மோட்டார் தேடி ராஜபாளையம் வரை

காலை 6.40. வத்திராயிருப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் என் காலடியில் சாக்குக்குள் கிடந்த இரும்புக்கு உண்டு என்றார் கண்டக்டர்.

"உள்ள என்னம்மா?"

"ஹைட்ராலிக் மோட்டாருண்ணே. செத்துப்போச்சு."

"செத்தாலும் லக்கேஜ் லக்கேஜ்தாம்மா." பத்து ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்தார். ஆக, நான் ஓசியிலும் பிணம் டிக்கெட்டிலும் புறப்பட்டோம்.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு. டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகும் மருந்துத் தெளிப்பானில் பெரிய விசிறி ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று. அந்தக் காற்றுதான் மருந்தை மர உச்சிக்குக் கொண்டுபோகும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடி அதைச் சுழற்றும் மோட்டார்தான் சாக்குக்குள் கிடந்தது. இரண்டு வருடத்தில் இது இரண்டாவது சாவு. தோப்பு முழுக்க இப்போது பூ. பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியும் இறங்கிவிட்டது. நாளைக் காலை மருந்து அடிக்காவிட்டால் இந்த வருடக் காய்ப்பு அவ்வளவுதான்.

9.15, ஸ்ரீவில்லிபுத்தூர். ஊரெல்லாம் பால்கோவா வாங்க வரும் ஊரில், கடை திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் கோபுரத்தைப் பார்த்தபடி சாக்குமூட்டையோடு நின்றேன். டிராக்டர் பாகக் கடைக்காரர் குண்டாக ஒரு மோட்டாரைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இதக் கொண்டுபோங்க. ஒங்க பேரன் காலத்துக்கும் ஒழைக்கும்."

தூக்கிப் பார்த்தேன். கனம் மனதுக்கு நிறைவாக இருந்தது. எவ்வளவு வேகம் சுற்றும் என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டி, "எண்ணூறு" என்றார்.

"எனக்கு ரெண்டாயிரத்தைந்நூறு வேணுமேண்ணே!"

"அம்புட்டு வேகத்துக்கு வேற மோட்டாரும்மா. ஆனா அது சீக்கிரம் போயிரும்."

உழைப்பது மெதுவாகச் சுற்றுமாம், வேகமாகச் சுற்றுவது உழைக்காதாம். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ராஜபாளையத்தில் கேட்க வேண்டுமாம். தலை அப்போதே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

10.30. அடுத்த பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர், மறுபடியும் பத்து ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூல் மில் தொழிலாளி சாக்கில் கசிந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன்.

"எங்க மில்லுல விசிறி பூரா கரண்டுலதான்க்கா ஓடுது. நீங்களும் கரண்டு மோட்டாரு போடுங்களேன்."

"தோப்புக்குள்ள வயர இழுத்துக்கிட்டு அலையச் சொல்றியாக்கும்!"

அவள் சிரித்தாள். ஒரு நிமிடம் நான் அதையும் யோசித்துப் பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

11.15, ராஜபாளையம். இந்தக் கடையில் என் வேகத்துக்கு இரண்டு வகை காட்டினார்கள். கியர் மோட்டார் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பிஸ்டன் மோட்டார் முப்பத்தெட்டாயிரம். எண்ணெய் சுத்தமாக இருந்தால் பிஸ்டன் நெடுநாள் வருமாம். "ஒங்க ஆயில் பில்டர் எத்தன மைக்ரான்?" என்று விற்பனையாளர் கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் நட்சத்திரம் தெரியாமல் முழிப்பதுபோல் முழித்தேன். "மொதல்ல பழசு எதனால போச்சுன்னு பாத்துட்டு வாங்கம்மா" என்று பின்தெருப் பட்டறைக்கு அனுப்பினார்.

12.20. பட்டறைக்காரர் ராமராஜு மோட்டாரைக் கழற்றி, உள்ளே விரலால் தடவினார். "இது தேஞ்சு போகலம்மா. அடிபட்டு ஒடஞ்சிருக்கு. விசிறிய எப்படி நிப்பாட்டுவீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் டிராக்டர் ஓட்டும் மாடசாமி அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லீவர ஒரே அமுக்குதாம்மா. டிராக்டர் திரும்புற எடம் நம்ம தோப்புப் பேச்சியம்மன் பீடத்துக்கு முன்னாலதான? ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்ததும் டக்குனு நிப்பாட்டிருவேன்."

"ஏண்ணே அப்படி?"

"ஏன்னு என்ட்ட கேக்கியளா? மொத நா நீங்கதான சொன்னிய, ஆத்தா மேல ஒரு பொட்டு மருந்து படக்கூடாதுன்னு."

ராமராஜு வாய்விட்டுச் சிரித்தார். லீவரை அமுக்கியதும் எண்ணெய் நின்றுவிடும், விசிறி நிற்காது. அதுவரை மோட்டார் விசிறியைச் சுழற்றியது போய், விசிறி மோட்டாரைச் சுழற்றும். உள்ளே எண்ணெய்க்கு வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை; அந்த அடியில்தான் உடைகிறதாம். "முப்பத்தெட்டாயிரத்து மோட்டாரும் இதுல செத்துரும்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. காலையிலிருந்து கம்பெனியைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், மாடசாமி அண்ணனைக்கூட மனசுக்குள் திட்டினேன். இரண்டு மோட்டாரையும் கொன்றவள் நான்தான்.

விசிறியின் இழுப்பைத் தாங்க முன்பக்கம் தனி பேரிங் வைத்த கியர் மோட்டார் ஒன்றும், ஒன்வே வால்வு ஒன்றும் வாங்கினேன். விசிறி தானாக நிற்கும்வரை எண்ணெய் உள்ளுக்குள்ளேயே சுற்றிவர அந்த வால்வு வழிவிடுமாம். ராமராஜு அட்டையில் படம் போட்டு விளக்கினார். வால்வு இருந்தாலும் திருப்பத்துக்குத் திருப்பம் விசிறியை நிறுத்தாமல், மருந்துக் குழாயை மட்டும் அடைக்கச் சொன்னார். பாதி புரிந்தது, தலையை முழுசாக ஆட்டினேன்.

3.30. திரும்பும் பஸ்ஸில் புது மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. பதில் தோப்பிலேயே கிடந்தது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு ஊர் போய் வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை 6.15. மோட்டாரையும் வால்வையும் மாட்டியதும் விசிறி ஓடியது. பீடத்தை நெருங்கியதும் மாடசாமி அண்ணன் மருந்துக் குழாயை மட்டும் அடைத்தார். விசிறிக் காற்று நேராக அம்மன்மேல் அடித்தது. சிவப்புப் பட்டு படபடத்தது, சாமந்தி மாலை ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவர் பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கை லீவரில் இருந்தது.

"நிப்பாட்டவாம்மா?"

எனக்கும் ஒரு கணம் திக்கென்றது. பூத்து நின்ற மரங்களைப் பார்த்தேன்.

"வேண்டாம்ணே. வெறுங்காத்துதான. ஆத்தாளும் செத்த நேரம் காத்து வாங்கட்டும்."

அவர் லீவரிலிருந்து கையை எடுத்தார். டிராக்டர் திரும்பி அடுத்த வரிசைக்குள் போனது, விசிறி நிற்காமல்.