குப்பை வண்டியில் பொங்கிய பால்

மண்ணூர்பேட்டையில் திருமுருகன் சவுண்டு சர்வீஸ் என்றால் ஒரு மரியாதை உண்டு. அவர் கொண்டுபோய் வைத்த மைக் எந்த மேடையிலும் கீச்சென்று கத்தியதில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு படித்ததெல்லாம் ஒயரும் ஒலிபெருக்கியும்தான். ஒயரை எட்டுப் போலச் சுருட்டி, நடுவில் நாடா கட்டி, அதற்கென்று அடித்த ஆணியில் மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்தால், தன் கன்னத்தில் தட்டியதுபோல முகம் சுருங்கிவிடும்.

கல்யாண மண்டபங்கள் சொந்தமாக ஸ்பீக்கர் வாங்கிக்கொண்ட பிறகு, தெருவில் வண்டி ஓட்டி விற்பவர்களுக்குக் குரல் பதிவு செய்துகொடுக்கும் தொழிலில் இறங்கினார். அதிலும் அவருக்குச் சில கணக்குகள் இருந்தன. வெங்காயத்துக்கு அவசரம் வேண்டும். கேட்பவருக்கு இப்போதே தீர்ந்துவிடும் என்று தோன்ற வேண்டும். கோலமாவுக்கு அவசரம் கூடாது. பழைய இரும்பு வாங்குகிறவர் குரலில் கொஞ்சம் சலிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல விலை தருவார் என்று ஜனங்கள் நம்பிவிடுவார்கள். எந்தக் குரலாக இருந்தாலும் பின்னால் ஒரு காக்கை கரைந்தால்கூட அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். சுத்தமான சத்தம், அதுதான் அவர் பிழைப்பு.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. தங்கை எழிலரசி. கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட திருமுருகன் கீழ்வீட்டில், முன்னறையைக் கடையாக்கிக்கொண்டு இருந்தார். எழிலரசி தன் கணவன், பிள்ளைகளோடு மாடியில் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ட்யூப்லைட் வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம்கூட, தங்கை பி.காம் முடித்தவள் என்று சொல்லாமல் அவர் ட்யூப்லைட்டைக் கையில் கொடுத்ததில்லை.

அதனால்தான், சானிடரி இன்ஸ்பெக்டர் ரகுநாதன் கடைக்கு வந்து, வார்டின் பேட்டரிக் குப்பை வண்டிகளுக்கெல்லாம் ஒரு பெண் குரலில் அறிவிப்பு வேண்டும் என்றபோது, திருமுருகன் வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஊரே தினம் காலையில் தன் தங்கையின் குரலைக் கேட்டு எழுந்திருக்கப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மின்விசிறியை நிறுத்தினார், கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தார், மாடியில் பிள்ளைகளைப் பாயைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். காப்பிக்காக அடுப்பில் வைத்த பாலை மட்டும் மறந்துவிட்டார்.

எழிலரசி அருமையாகப் படித்தாள். மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையிலும், மக்காத குப்பையை நீலக் கூடையிலும் தனித்தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று, அதட்டலும் அன்பும் சரிபாதியாகக் கலந்து சொல்லி முடித்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். முடித்த மூச்சிலேயே சொன்னாள்:

"அண்ணா, பால் பொங்குது. போய் அடுப்ப அணை."

திருமுருகன் ஓடினார். வேறு யாராக இருந்தாலும் ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர் பர்னரைக் கழற்றினார். துவாரம் துவாரமாக ஊசியால் குத்தி எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, காயவைத்து, மாட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது, வாசலில் காத்திருந்த ரகுநாதனின் ஆள் பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தான். வால் பகுதியை வெட்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் வார்டு முழுக்க அந்த அறிவிப்பு போனது. பச்சைக் கூடை, நீலக் கூடை, அதன்பின் பால்.

எதிர்வீட்டு ஜரினா வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்பவர். வண்டிச் சத்தம் கேட்டதும் யாரையோ சொல்கிறார்கள் என்று நினைக்காமல் தன் அடுப்பை எட்டிப் பார்த்தார். பால் விளிம்பில் நின்றது. அணைத்தார். அணைத்த கையோடு பக்கத்திலிருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த வார்டில் குப்பை வண்டி வருகிற நேரமும் பால் காய்கிற நேரமும் ஒன்றுதான். ஜரினாவுக்கு நடந்தது தெரு முழுக்க நடந்தது. சில நாளில் அது பழக்கமே ஆகிவிட்டது. பச்சைக் கூடை என்று கேட்டால் யாரும் அசையமாட்டார்கள். பால் என்று கேட்டதும் எழுந்துபோய் அடுப்பை அணைப்பார்கள். அடுப்படிக்குப் போனபின் கூடையை எடுத்துக்கொண்டு வருவது ஒரு பெரிய காரியமில்லை.

திருமுருகனுக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் ஒருவர், "அண்ணா, பால்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் ஆடித் திருவிழாவுக்கு வருஷாவருஷம் அவரிடமே மைக் செட் எடுக்கும் கோயில் கமிட்டி மணவாளன் ஒருநாள் வந்து, நேராகப் பேசாமல் ஆம்ப்ளிஃபயரைத் தடவிக்கொண்டே நின்றார்.

"கூழ் ஊத்துற அன்னைக்கு உன் ஸ்பீக்கர்ல இந்த மாரி எதுனா பொங்கிச்சுன்னா என்னா பண்றது, திருமுருகா? கமிட்டில கேக்குறாங்க. இந்த வருசம் அம்பத்தூர்ல வேற ஆள் பாத்துக்கலாம்னு கீறாங்க."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எழிலரசி தட்டோடு இறங்கி வந்து, ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு பற்றி அவருக்குக் கவலையில்லை. அவர் கைபட்ட சத்தத்தில் ஒரு பிசிறு இருக்கிறது. அது தினம் காலையில் ஊரைச் சுற்றிவருகிறது. அதை எடுத்தாக வேண்டும். ரகுநாதனிடம் போய் நின்றார். ரகுநாதனுக்கு அந்த வரி பற்றி ஒரு புகாரும் வரவில்லை. வேண்டுமானால் நீங்களே வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

திருமுருகன் விடியுமுன்னே வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனார். ஒவ்வொரு பென்டிரைவையும் பிடுங்கி, பழையதைத் துடைத்து, வெட்டிச் சுத்தம் செய்த புதிய பதிவை ஏற்றி, ஸ்பீக்கரின் தூசியையும் தட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலிருந்த மூலத்தையும் அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தார். அன்று நன்றாகத் தூங்கினார்.

அந்த வாரமே தெருமுனையில் குப்பை சேர ஆரம்பித்தது. மாடுகள் வந்தன. அவர்கள் தெருவில் வண்டி ஓட்டும் வேம்புலியம்மாள், பாதி காலியான வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இன்னா நைனா பண்ணி வச்ச? ஒரு ஊட்டுலருந்தும் ஆள் வர்ல. நான் தொண்ட கிழியக் கத்திகினு போறேன். இம்மாம் நாளு உன் தங்கச்சி கூப்ட்டா ஓடியாந்தாங்க. குப்ப கம்மியா கீதேன்னு அங்க என்னத்தான் கேக்குறாங்க."

பதிவு இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று திருமுருகன் விளக்க ஆரம்பித்தார். வேம்புலியம்மாள் அதைக் கேட்க நிற்கவில்லை.

மாதக் கடைசியில் பகுதி சபைக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கவுன்சிலர், ரகுநாதன், மற்ற அதிகாரிகள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். குடியிருப்போர் வந்து குறைகளைச் சொல்வார்கள். மைக் செட் வழக்கம்போலத் திருமுருகனுடையது. ஓரத்தில் ஸ்டூல் போட்டு, ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கால்வாய், தெருவிளக்கு, நாய் எல்லாம் முடிந்தன. அடுத்து ஜரினா எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"ரோட்டை அப்புறம் போடுங்க. பால் பொங்குதுன்னு சொல்ற குரல் எங்க போச்சு? ஒரு மாசமா எங்க வீட்டு அடுப்புல தீஞ்ச நாத்தம். வண்டி வந்ததும் தெரியல, போனதும் தெரியல."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. புதிய அடுக்குமாடியில் குடியிருக்கும் ரோஹித் என்ற ஐ.டி. பையன் அடுத்து வந்தான். அவன் வீட்டில் பாலே வாங்குவதில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டதும் தினம் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு, அப்படியே குப்பையைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவானாம். இப்போது வேலைக்குத் தாமதமாகிறதாம். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது. எல்லோரும் அதே வரியைத்தான் கேட்டார்கள்.

திருமுருகனின் விரல் சத்தம் குறைக்கும் திருகின்மேல் இருந்தது. ஒரு சின்னத் திருகல் போதும். அந்தப் பால் கூடத்தின் பின்வரிசைக்குப் போகாது. ஆனால் மேடையில் பேசுகிறவர் யாராக இருந்தாலும், என்ன பேசினாலும், கடைசி ஆள்வரைக்கும் கேட்கவைப்பதுதான் அவர் தொழில். தன்னைப் பற்றிய புகார் ஒவ்வொன்றையும், பிசிறில்லாமல், கடைசி பெஞ்சுவரை அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ரகுநாதன் திரும்பிப் பார்த்து, பழைய பதிவைப் போட்டுவிடலாமே என்றார். அழித்துவிட்டேன் என்று திருமுருகன் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் அதுவும் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து வேம்புலியம்மாளின் குரல் வந்தது.

"தொடச்சி வைக்கறதுலயே புத்தி போவுது இந்த ஆளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மின்விசிறி நின்றது, கடிகாரம் வெளியே போனது. எழிலரசி அறிவிப்பை முடித்து, "அண்ணா, பால் பொங்குகிறது" என்றாள். பால் ஒரு வகைக் குப்பை என்பதுபோல இருந்தது. அடுத்த தடவை கொஞ்சம் கோபமாகச் சொன்னாள்; நாடகம்போல இருந்தது. சிரித்துக்கொண்டு சொன்னாள், அழுவதுபோலச் சொன்னாள். பி.காம் படித்த தங்கைக்குத் தன்னை விரட்டத் தெரியவில்லை என்பது திருமுருகனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அவரே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து, நிஜமாகவே பாலை வைத்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கவேயில்லை.

சரி, பார்க்காமல் முதலிலிருந்து படி என்றார். எழிலரசி படித்தாள். நடுவில் "ஒப்படையுங்கள்" என்ற சொல்லில் லேசாக நாக்கு புரண்டது. திருமுருகன் நிறுத்தச் சொன்னார். மறுபடி படித்தாள். இப்போது தொலைவில் ஒரு ஆட்டோ. மறுபடி. ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அவர் கண்ணை மூடிவிட்டார். அவளும் எழுத்திலேயே கவனமாக இருந்தாள். கடைசி வரி முடியும்போது சமையலறையிலிருந்து சொய்யென்று ஒரு சத்தம்.

"அண்ணா, பால் பொங்குது. போய் அடுப்ப அணை. அணைண்ணா! பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, மைக்கைப் பார்த்தா வீடே எரிஞ்சாலும் தெரியாதா உனக்கு?"

"இரும்மா, ரெக்கார்டு ஓடுது."

திருமுருகன் எழுந்திருக்கவில்லை. பால் அடுப்பைத் தாண்டிச் சமையல் மேடையில் ஓடி, தரையில் சொட்டுகிற வரையில் உட்கார்ந்து, பதிவை நிறுத்தி, பெயர் கொடுத்துச் சேமித்து, இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தார். அதன்பிறகுதான் துணியைத் தேடினார். எழிலரசி வந்து கேட்டுப் பார்த்தாள். அவர் குரல் வருகிற இடத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். வெட்டப்போய்த்தானே இவ்வளவும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்றார். தெருமுனையில் வண்டி திரும்பியது. பச்சைக் கூடை, நீலக் கூடை, பால். எதிர்வீட்டில் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. அவரும் உள்ளே ஓடி அணைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வீடு கூடைகளோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அப்போது, "இரும்மா, ரெக்கார்டு ஓடுது" என்று அவர் குரல் தெருவில் வந்தது. எத்தனையோ பேர் குரலை ஊருக்குக் கேட்கவைத்தவர், தன் குரலை ஸ்பீக்கரில் கேட்பது அதுதான் முதல்தடவை. கூடையோடு நின்ற ஜரினா விழுந்து விழுந்து சிரித்தார். வேம்புலியம்மாள் வண்டியிலிருந்தபடியே இவருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மணவாளன் வந்தார். ஆம்ப்ளிஃபயரைத் தடவவில்லை. கமிட்டியில் பேசியாகிவிட்டது, திருவிழாவுக்கு மைக் செட் உன்னுடையதுதான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கூழ் தயார் என்று சொல்லுகிற குரல் எழிலரசியுடையதாக இருக்க வேண்டும். அவள் சொன்னால்தான் கூட்டம் பாத்திரத்தோடு வருமாம்.

திருமுருகன் சம்மதித்தார். மணவாளன் போனபிறகு மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு தங்கையைக் கூப்பிட்டார்.

"எழில், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த 'ஓடுது'ல மட்டும் எனக்கு மூக்கடைச்ச மாதிரி கேக்குது. ஞாயித்துக்கிழமை ஒருதரம்…"

மேலேயிருந்து, பதிவில் கேட்டதைவிடவும் பலமாக, ஒரே சொல்லில் பதில் வந்தது. அவர் இறங்கிப் போய் ஒயர் சுருட்ட ஆரம்பித்தார்.