நாலு மணிக்கு மேல் வந்த பார்சல்

மகள் வேலைத் தேர்வுக்காக ஆங்கிலம் படிக்கிறாள். "யப்பா, ஷட் அவுட்டுன்னா மூணு அர்த்தம் போட்டுருக்கான்" என்று போனைக் காட்டினாள். ஆளை உள்ளே விடாதது, வெயிலையோ இரைச்சலையோ தடுப்பது, எதிரணியை ஒரு கோல்கூட அடிக்க விடாதது. நான்காவது அர்த்தம் எங்கள் தூத்துக்குடி துறைமுகத்தில் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டேன். நேரம் தப்பி வந்து, கப்பலில் ஏறாமல் நின்றுபோகும் சரக்குக்கு அந்தப் பெயர்.

படிப்பில் கோட்டைவிட்ட எனக்குக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிடைத்த முதல் வேலையே, பேப்பரில் சிவப்புப் பென்சிலால் 'ஷட் அவுட்' என்று எழுதுவதுதான். சிரிக்காதீர்கள், வெங்காய மூட்டையும் கருவாட்டு வாடையுமான அந்த ஷெட்டில் நான் ஒரு குட்டி ராஜா. மாலத்தீவில் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டார் அனுப்பும் சின்னப் பார்சல்களும் அங்கே போகும் சரக்குக் கப்பலில்தான் போகும். நாலு மணியோடு வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். ஆனாலும் யாராவது ஐந்து மணிக்கு வந்து "அண்ணாச்சி" என்று குழைந்தால் நேரத்தைத் திருத்தி வாங்கிப் போடுவேன். எல்லாரும் செய்வதுதான்.

ஒருநாள் நாலேகாலுக்கு என் அக்கா வந்து நின்றாள். புன்னைக்காயல் பஸ் பிந்திவிட்டது. கையில் மச்சானுக்கு வலிப்பு மாத்திரை. மாலத்தீவில் நோயை மறைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார் அவர், அங்கே மாத்திரை வாங்கினால் தெரிந்துவிடும். மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினான் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என, எனக்குத் திடீரென்று நேர்மை பிறந்துவிட்டது.

"நேரம் முடிஞ்சிட்டுக்கா."

"கப்பல் அங்கனதானல நிக்கு?"

நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

அடுத்த கப்பல் பதினைந்து நாள் கழித்து. அதற்குள் மச்சான் வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா திட்டவில்லை. "ஒன் வேல அதாம்ல, நீ என்ன செய்வ" என்றாள். எனக்கு அழுகை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. இன்றுவரை உள்ளே அந்த இடம் மரத்துத்தான் கிடக்கிறது.

இப்போது அந்த ஷெட் இல்லை. பென்சிலும் இல்லை, நேரம் தப்பினால் கம்ப்யூட்டரே மறுத்துவிடுகிறது. அக்கா இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள், மகளின் படிப்பை விசாரிப்பாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறையாவது, "ஏலே, எனக்கொரு காரியம் செய்யணும்" என்று வந்துவிடுவாள். அந்த நாலேகாலுக்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. மகன் கல்யாணத்துக்குப் பந்தல்காரரைப் பேசி முடிக்கக்கூட ஆலந்தலைக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தாள்.