கடல் தண்ணீர் தெளித்த மல்லிகை

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில், நானும் என் வீட்டுக்காரரும் ராமேஸ்வரம் தீவில் மூன்று நாள் தங்கினோம். வேண்டுதல் ஒன்று இருந்தது.

எங்களுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் உண்டு. அதற்கு முந்தைய வருடம் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கையால் மறுபடி அவர் பூப்பறித்தால், அந்த முதல் பூவைச் சரமாக்கி ராமநாதசுவாமிக்குச் சாத்துகிறேன் என்று வேண்டியிருந்தேன்.

கை கொஞ்சம் தேறி, கிளம்பிய அன்றுதான் முதல் தடவையாக விடிவதற்குள் தோட்டத்தில் இறங்கிவிட்டார். யாரையும் கூடப் பறிக்க விடவில்லை. விரல் மடங்காமல் பாதி மொட்டு கீழே விழும். குனிந்து எடுப்பார். பஸ்ஸுக்கு நேரமாகும்போது இரண்டு கை மொட்டு சேர்ந்திருந்தது. ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. கடற்கரையில் உட்கார்ந்தோம். அனல் காற்றில் துணி காய்ந்துவிட்டது. பூக்காரி கை சும்மா இருக்குமா? துணியைக் கடலில் முக்கிப் பூவைச் சுற்றி வைத்தேன். கிணற்றுத் தண்ணீர் பார்த்தே வளர்ந்தவள். கடலும் எனக்குத் தண்ணீராகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் சரம் கட்டப் பிரித்தால், மொட்டெல்லாம் வெந்த மாதிரி பழுத்துக் கிடந்தது. பக்கத்தில் சங்கு விற்ற அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பூக்காரவுகங்கிறீக, உப்புத் தண்ணியிலயா பூவ நனைப்பீக?" என்றார். வாசலில் எத்தனையோ பூ விற்றார்கள். ஆனால் அது அவர் கை பறித்த பூ ஆகுமா? அழுகை வந்துவிட்டது. அவர் வலது கையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று நாங்கள் கோயிலுக்குள் போகவில்லை.

மறுநாள் காலை அவர்தான் தனுஷ்கோடிப் பக்கம் போய்வரலாம் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஆள் அரவமே இல்லை. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வெளிச்சம். ராவணன் மீசை என்று அங்கே சொல்லும் முள் பந்துகள் காற்றில் உருண்டு, நின்று, மறுபடி உருண்டன. எங்களோடு கூட நடந்து வருவது போல இருந்தது. மணல்மேட்டில் அடப்பங்கொடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் அவர் ஈரமணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சீதையம்மாவுக்கே லிங்கம் பிடிக்க இங்க மண்ணுதான் கெடச்சுச்சு. நீ போயி பூவப் பொறுக்கிட்டு வா, புள்ள" என்றார்.

லிங்கம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. நான் அடப்பம்பூவை அதன் நாரிலேயே கட்டிச் சாத்தினேன். முள் பந்துகளைச் சுற்றிலும் வேலி போல வைத்தேன். வெள்ளைச் சிப்பிகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி லிங்கத்தின் அடியைச் சுற்றி ஆவுடை வரைந்தார். ஒரு சிப்பியைப் பிடிக்க நாலு தடவை விரலை மடக்கினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பசியும் தெரியவில்லை. அலைச் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது.

கடைசியில் நேற்றைய மொட்டைக் கேட்டார். தூக்கிப் போட மனசு வராமல் பைக்குள்தான் வைத்திருந்தேன். வாடிய பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று தயங்கினேன்.

"வாட வச்சது நீ. பறிக்க வச்சது அவரு. குடு இங்க" என்று சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த வலது கையாலேயே பழுத்த மொட்டுகளை ஒவ்வொன்றாக லிங்கத்தின் மேல் வைத்தார். கடைசி மொட்டு வைத்துக் கும்பிட்டு எழுந்தபோது தண்ணீர் ஏறி வந்தது. இரண்டாவது அலையில் சிப்பி போனது. அடுத்ததில் லிங்கம் கரைந்தது. மல்லிகை மட்டும் செத்த நேரம் நுரையில் மிதந்து, பிறகு உள்ளே போய்விட்டது. சாயங்காலம் வெறுங்கையோடு கோயிலுக்குள் போய்க் கும்பிட்டோம். கூச்சமே இல்லை.

இப்போது தினமும் பூப்பறிக்கிறார். கூடையில் ஒரு பழுத்த மொட்டு வந்தாலும் நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. அதையும் சாமி கைநீட்டி வாங்கிக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே.