சேர்ந்தோடும் ஊரில் ஒதெத் மதாம்

பிரான்சின் கோன்ஃப்ளான் ஊரில் ஒதெத் மதாம் சந்தேகப்படாத ஒரே ஆள் அவருடைய கணவர் அர்மான். அதுவும் அவர் செத்த பிறகுதான்.

மதாம் உவாஸ் ஆற்றில், நிலக்கரிப் படகில் பிறந்தவர். அர்மான் சேன் ஆற்றுக்காரர். ஆள் போன அதே குளிர்காலத்தில் அவர்கள் குடியிருந்த படகின் எஞ்சினும் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் படகு, கரையோரம் என் குடும்பம் வசிக்கும் எங்கள் படகோடு கட்டிக் கிடக்கிறது. இந்த வசந்தத்தில் படகுத்துறை அதிகாரி வந்து, "வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டணும். ஓடாத படகுக்கு இங்க இடமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் படுத்தால் மதாமுக்குத் தலை சுற்றும். எங்கே போவார்?

அப்போதுதான் கில்டாஸ் என்றொருவர் கரையிலிருந்து எங்கள் படகின் மேல் நடந்து மதாமின் படகுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"தரைக்காரன்னா பின்பக்கமா, ஜன்னலுக்குள்ள எட்டிப் பாத்துட்டே வருவான். இவன் முறையா முன்பக்கமா வரான்டா. எவனோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான்" என்றார் மதாம் என் காதில்.

"மதாம், ரெண்டு ஆறும் சரியா எங்க ஒண்ணாகுது?" என்று கேட்டார் கில்டாஸ்.

"எதுக்கு முசியே? வரி போடவா?"

"ஊர்ப் பேரே அதானே. லத்தீன்ல 'கோன்'னா சேர்ந்து, 'ஃப்ளுவெரே'ன்னா ஓடுறது. ரோமானியங்க வெச்ச பேரு."

"கரையில நின்னு வெச்சிருப்பான். உவாஸ் கலங்கலா ஒரு பக்கம், சேன் பச்சையா ஒரு பக்கம். ரொம்ப தூரம் ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டேதான் போகும். நானும் அர்மானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் போனோம்."

"அப்புறம்?"

"அப்புறம் எது யார் தண்ணின்னு தெரியல." சொன்ன பிறகு, வாயைக் கிளறிவிட்டானே என்று மதாமுக்குக் கோபம். "உனக்கு என்னதான்யா வேணும்?"

கில்டாஸ் தலையைச் சொறிந்தார். "ஒரு படகு வாங்கிட்டேன். கட்ட இடமில்ல. உங்க பக்கத்துல கட்டிக்கவா? என் எஞ்சின் நல்லா ஓடும்."

"மதாம், வெள்ளிக்கிழமை!" என்று கத்தினேன்.

"பாத்தியா, காரியம் இருந்துதான் வந்திருக்கான்." மதாமுக்கு நிம்மதி. கயிற்றை அவரே வீசினார். முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு கைக்கோடாரியையும் வைத்தார். "ஏமாத்தினா கயித்துல ஒரே வெட்டு."

வெள்ளிக்கிழமை இரண்டு படகும் ஒரே எஞ்சினில் ஆறுகள் சேருமிடம் வரை போய்த் திரும்பின. அதிகாரி மோவாயைத் தடவினார். "ஓடுதுதான்" என்று முனகிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கோடாரியை எடுத்து எங்கள் கரிப்பெட்டிக்குள் ஒளித்தேன். சும்மா, விளையாட்டுக்குத்தான்.

"கோடாரியக் காணோம். அவன்தான் எடுத்திருக்கான். போய் விசாரிக்கிறேன்" என்று மறுநாள் மதாம் கிளம்பினார், கையில் ஒரு சட்டி லீக் சூப்போடு.

விசாரணை தினமும் நடக்கிறது.