லேப்டாப்புக்கு இரண்டு காவல்

நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடியே "ஆகட்டும்" என்கிறார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிறது. பேசுவது ஒரு பள்ளிக்கூடம். சட்டைப்பையில் தைத்துக் கொடுத்த பறவை கோழி மாதிரி இருக்கிறதாம், கழுத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டுமாம். போன வாரம் இதே பள்ளிக்கூடம்தான் கழுத்து நீளம், குறையுங்கள் என்றது. அப்போதும் இதே பதில்தான். எங்கள் தெருவில் அவருக்கு 'ஆகட்டும் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முன்னறையில் மனிதர் உட்கார இடம் விட்டுவைக்காமல் நிற்கிறது எம்பிராய்டரி மெஷின். சீருடைகளில் பெயரும் முத்திரையும் தைப்பது அக்காவின் தொழில். பிஸ்கட் டப்பாக்களில் நூல்கண்டுகள். நிறங்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார்: நர்ஸ் நீலம், டிரைவர் காக்கி, கோபக்கார மேனேஜர் சிவப்பு. புது வேலை தொடங்கும்போது கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார். உதடு அசையும். என்ன கேட்கிறார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அதன் பிறகு ஊசி இறங்கினால் வீடே தடதடவென்று அதிரும். அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்து தூங்கவும் அவருக்கு வரும். ஆனால் அவர் முகத்தில் இருக்கிற அலுப்பு தூக்கத்தால் போகிற அலுப்பில்லை.

முத்திரையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் செருக வேண்டும். வாடிக்கையாளர்களும் தங்கள் படங்களைப் பென் டிரைவில்தான் கொண்டுவருவார்கள். அப்படி எவரோ கொண்டுவந்ததில் வைரஸ் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு டிசைனும் திறக்கவில்லை. தையல் தையலாக அக்கா வரைந்து வைத்திருந்த பறவை, விளக்கு, சக்கரம் எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. அழவில்லை. ஒரு மரத்தை மட்டும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு இலையாக.

அதனால்தான் புது லேப்டாப் வந்ததும் "இதுக்கு நல்ல காவல் போடணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். எந்த ஆன்டிவைரஸ் போடுவது என்று தம்பியிடம் கேட்டார். கேட்டவர் அதோடு விட்டிருக்கலாம். மகள் மனம் கோணாமல் இருக்க மாப்பிள்ளையிடமும் கேட்டார்.

தம்பிக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு கிடையாது. மகள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைத் தம்பி நாலு பேர் பார்க்கக் கழற்றி, "இங்க மாட்டினா சமையலறைக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று வேறு சுவரில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான். தம்பியின் பைக் வாசலில் நின்றால் மாப்பிள்ளை படியேற மாட்டார். மகள் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், செருப்பு சூடு ஆறுவதற்குள் கிளம்பிவிடுவாள். "இரேன்டி" என்றால், "அவர் கீழே வண்டியில இருக்கார்ம்மா" என்பாள். அக்காவை அரித்துத் தின்றது இதுதான். தம்பியை வராதே என்று சொல்லவும் முடியாது. கணவர் போன பிறகு இந்த மெஷினை மாடிக்குத் தூக்கி வந்து, "ஓட்டு, பார்த்துக்கலாம்" என்றவர் அவர்.

தம்பி இலவச ஆன்டிவைரஸ் கட்சி. தானே வந்து உட்கார்ந்து போட்டுவிட்டுப் போனார். "காசு வாங்கிட்டுக் காவல் காக்கிறவன் பயமுறுத்திக்கிட்டேதான் இருப்பான்க்கா" என்றார். மாப்பிள்ளை காசு கொடுத்து வாங்குகிற கட்சி. பெட்டியும் ரகசிய எண்ணுமாக மகளிடம் கொடுத்தனுப்பி, எப்படிப் போடுவது என்று போனில் சொன்னார். "சும்மா காவல் காக்கிறேன்னு வர்றவன் நம்ம வீட்டைத்தான் நோட்டம் விடுவான் அத்தை." யாருடைய குத்தல் யாருக்கு என்று இருவருக்கும் தெரியும். அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஆகட்டும் போட்டார்.

மாப்பிள்ளையுடையதை ஏற்றும்போது, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எடுத்துவிடவா என்று திரை கேட்டது. அக்கா 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் வேண்டாம் சொன்னது அந்த ஒரு தடவைதான். ரெண்டு பூட்டு இருந்தால் நல்லதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து லேப்டாப் மூச்சு வாங்கத் தொடங்கியது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, அது திரையில் வருவதற்குள் ஊசி மாற்றிவிட்டு வரலாம். மூலையில் ஒரு பெட்டி ஆபத்து என்று எட்டிப் பார்க்கும், அதன் மேலேயே இன்னொன்று எட்டிப் பார்க்கும். ஆஸ்பத்திரிச் சீருடைகள் குவியலாகக் காத்துக் கிடந்தன. பெயர் தைக்காமல் வாங்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லியாகிவிட்டது. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, நோய் கண்ட பிள்ளையைப் போல மார்போடு அணைத்து வாங்கின கடைக்கே எடுத்துப் போனார்.

கடையில் இருந்த பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டே பார்த்தாள்.

"ரெண்டு போட்டிருக்கீங்களேம்மா. இது அதைத் திருடன்னு பிடிக்குது, அது இதைத் திருடன்னு பிடிக்குது. ரெண்டும் மல்லுக்கட்டினா உங்க வேலையை யார் பார்க்கிறது?"

அக்கா சுற்றிக் கொண்டுவந்த துண்டை மடித்துக்கொண்டே நின்றார். பிறகு, எதை எடுப்பது என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்தான்."

அந்த வார்த்தையை அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். கடை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையுடையதை எடுத்தால் பேச்சு மகள் தலையில் விடியும். தம்பியுடையதை எடுத்தால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது? யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கே பாவமாகப் போய்விட்டது போல. லேப்டாப்போடு கூடவே ஒரு காவல் வந்திருக்கிறது, இவை இரண்டும் வந்ததால் அது ஒதுங்கி நிற்கிறது, உங்கள் வேலைக்கு அதுவே போதும் என்றாள். அப்டேட் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது, கண்ட பென் டிரைவையும் செருகக் கூடாது, டிசைன்களை வேறொன்றில் நகல் எடுத்து லேப்டாப்பிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"அப்ப ரெண்டையும் எடுத்துடும்மா" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரிச் சீருடைகள் போய்ச் சேர்ந்தன. தம்பி போனில் கேட்டால் நல்லா ஓடுது என்பார். மாப்பிள்ளை கேட்டாலும் நல்லா ஓடுது என்பார். இரண்டும் பொய்யில்லை. லேப்டாப் நல்லாத்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பஸ்ஸில் வந்திருந்தார். பைக் பழுதுபார்க்கும் கடையில் நின்றது. வாசலில் பைக் இல்லையே என்று மாப்பிள்ளையும் மகளோடு படியேறி வந்துவிட்டார். உள்ளே வந்த பிறகு திரும்பவும் முடியவில்லை. முன்னறையில் இருப்பது இரண்டே நாற்காலி. தம்பி ஒன்றில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மற்றதில் உட்கார்ந்து, பார்க்க வேறொன்றும் இல்லாமல் லேப்டாப்பைப் பார்த்தார்.

"அத்தை, நான் குடுத்தது எங்கே? காணோமே."

தம்பி உதட்டோரம் ஒரு சிரிப்போடு எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அக்கா, என்னோடதும் இல்ல."

அக்கா சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டையும் எடுத்துட்டேன். ரெண்டும் அடிச்சுக்கிச்சு. என்னால வேலை பார்க்க முடியல" என்றார்.

"எடுத்துட்டீங்களா? அப்ப இப்ப ஒண்ணுமே இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

"கூடவே வந்தது ஒண்ணு இருக்காம். அது போதுமாம்."

"யார் சொன்னா? கடைக்காரப் பொண்ணா?" தம்பி எழுந்தேவிட்டார். "பட்டும் உனக்குப் புத்தி வரலையேக்கா."

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "இவ்வளவு ஃபைல் வச்சுக்கிட்டு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"அதைத்தான் மாப்பிள்ளை நானும் சொல்றேன். என்னோடது வேண்டாம்னா உங்களோடதையாவது வச்சிருக்கலாம்ல."

"இல்ல மாமா, உங்களோடதே போதும். எதுவுமே இல்லாம இருக்கிறதுக்கு..."

பிறகு நாற்காலிகளை லேப்டாப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தட்ட மற்றவர் திரையைக் காட்டினார். அக்காவின் அறியாமையைப் பற்றி ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். பிடிவாதக்காரி என்றார்கள். இவருக்குக் கம்ப்யூட்டரே கொடுத்திருக்கக் கூடாது என்றார்கள்.

சமையலறையில் இருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை இப்படிப் பேசுகிறார்களே என்று முகம் சிவக்க வேகமாக முன்னறைக்குக் கிளம்பினாள். வாசல்படியில் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துத் தன் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து, பிடித்த கையை விடாமல், முன்னறைப் பேச்சின் பக்கம் காதைச் சாய்த்தார்.